மருதைக்குக் கை காட்டாதவர்கள்

போன மாதம் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் வேலை செய்யும் இளைஞர்கள் என்னைப் பேச அழைத்திருந்தார்கள். மாலை போட்டு, காபி கொடுத்து, வழவழப்பான அட்டை போட்ட ஒரு கையேட்டையும் காட்டினார்கள். பணியிடத்தில் பாகுபாடு கூடாது என்று அதில் பக்கம் பக்கமாக இருந்தது. நல்ல விஷயம்தான். ஒரு பெண் எழுந்து, "சார், உங்க காலத்துல இந்த மாதிரி எதுவும் கிடையாதே, ஒருத்தனை ஜாதி பாத்து ஒதுக்கினா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். கூட்டத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஏதோ சுருக்கமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பஸ்ஸில் வரும்போது என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பெண்ணுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் லால்குடிப் பக்கம். விவசாயக் குடும்பம். திருச்சியில் பட்டம் படித்து, சென்னையில் தொழிலாளர் நலம் பற்றி ஒரு டிப்ளமோவும் வாங்கிக்கொண்டு, ஐம்பதுகளின் நடுவில் ஒரு நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். படிப்பில் சொல்லிக் கொடுத்ததெல்லாம் சம்பள விகிதமும் சட்டப் பிரிவுகளும்தான். மனிதர்களைப் பற்றிய பாடம் ஆலைக்குள் நுழைந்த பிறகு ஆரம்பமானது.

அந்த ஆலையில் தண்ணீர்ப் பானைக்கு மேலே ஓர் ஆணியில் அலுமினியத் தம்ளர் ஒன்று தனியாகத் தொங்கும். யாருக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லாருக்கும் தெரியும். இளரத்தம் இல்லையா, ஒரு நாள் அதைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தேன். மறுநாள் பானையே இரண்டாகிவிட்டது. பொருளை எறிந்தால் வழக்கம் போகாது என்று அன்றைக்குப் புரிந்தது. ஆலை முதலாளி, "உங்களை வேலைக்கு வெச்சது சண்டை மூட்டவா?" என்று கேட்டார். இரண்டு பானையையும் எடுத்துவிட்டுக் குழாய் போட்டுக் கொடுங்கள், எல்லாரும் கையேந்திக் குடிக்கட்டும் என்றேன். குழாய் வருவதற்குள் நான் அங்கிருந்து விலகிவிட்டேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியின் ஓரத்தில் கனரக எந்திரங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பெர்சனல் ஆபீசராகச் சேர்ந்தேன். ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு. காலையில் காவிரிப் பாலத்தைக் கடந்து டவுன் பஸ்ஸில் போவேன். ஆள் எடுப்பது, பதவி உயர்வுக்குப் பரீட்சை வைப்பது, குற்றப்பத்திரிகை கொடுத்து விசாரிப்பது எல்லாம் என் பொறுப்பு.

எனக்கு மேலே இருந்தவர் வொர்க்ஸ் மேனேஜர் நாராயண ராவ். அவரிடம் ஒரு வழக்கம். எந்திரத்தைப் பற்றிப் பேசினால் நாற்காலியில் உட்கார்ந்து, மேஜைமேல் முழங்கையை ஊன்றி, கண்ணைப் பார்த்துப் பேசுவார். மனிதனைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து ஜன்னலுக்குப் போய் நமக்கு முதுகைக் காட்டி நின்றுவிடுவார். அவர் முகம் என்ன சொல்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். உற்பத்தி நிற்கக் கூடாது, அதைத் தவிர எதற்கும் அவர் விரோதியும் இல்லை, நண்பரும் இல்லை. "பார்ப்போம்" என்பார். அந்தப் 'பார்ப்போம்' என்பதற்குள் எத்தனையோ பேருடைய வயிறு அடங்கியிருக்கும்.

மருதை அந்தத் தொழிற்சாலையில் கலாசியாகச் சேர்ந்தவன். கலாசி என்றால் சுமை தூக்குவது, கிரீஸ் போடுவது, இழு என்றால் இழுப்பது. லால்குடிக்குப் பக்கத்துக் கிராமத்துச் சேரிக்காரன். கூரைக்கு அடியில் தண்டவாளத்தில் ஓடும் பெரிய கிரேனுக்குக் கிரீஸ் போடப் போய்ப்போய், அதை ஓட்டுகிறவர்களிடம் கேட்டுக்கேட்டுக் கற்றுக்கொண்டான். டிரைவர் இடம் ஒன்று காலியானபோது விண்ணப்பம் போட்டான். பரீட்சை வைத்தோம். தேர்ந்தவர்களில் அவன்தான் முதல். எந்த யோசனையும் இல்லாமல் உத்தரவில் கையெழுத்துப் போட்டேன். தகுதிகாண் காலம் முடிந்தால் நிரந்தரம் என்று அதில் இருந்தது.

அன்று மாலையே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கிரேன் டிரைவர் உட்காரும் கூண்டு எல்லார் தலைக்கும் மேலே இருக்கிறது. அந்தக் கிரேன் ஓடும் பட்டறையில், அதாவது ஷெட்டில், பாதிப் பேர் லால்குடி சுற்றுவட்டாரத்து ஆட்கள், என் ஜாதிக்காரர்கள். "நம்ம தலைக்கு மேல அவன் காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காருவானா?" என்று கேன்டீனில் பேச்சு. நான் கேட்கட்டும் என்றுதான் உரக்கப் பேசினார்கள்.

கிரேனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மேலே இருப்பவனுக்குக் கீழே யார் கத்தினாலும் கேட்காது. சுமையைக் கட்டி, டிரைவருக்குக் கையால் சிக்னல் காட்டுவதற்கென்று கீழே ஒருவர் இருப்பார். அவருக்கு ஸ்லிங்கர் என்று பெயர். கையைக் கீழ்நோக்கி ஆட்டினால் இறக்கு. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினால் நிறுத்து. மற்ற சிக்னல்களை ஸ்லிங்கர் மட்டும்தான் காட்டலாம். நிறுத்து என்பதை மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம், காட்டியே ஆக வேண்டும். ஒருவர் கையைத் தூக்கினால் பார்த்தவர் அத்தனை பேரும் தூக்கிவிடுவார்கள். உயிர் விஷயம் என்பதால் அது அங்கே மூச்சு விடுவதைப் போல இயல்பாகிவிட்ட பழக்கம்.

மருதையின் ஷெட்டுக்கு ஸ்லிங்கர் கோவிந்தராசு. மருதையின் ஊர்க்காரர், ஆனால் ஊர்த்தெருக்காரர். எனக்குச் சித்தப்பா முறை. தொழிலில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் கட்டிய கட்டு நழுவி நான் கேள்விப்பட்டதே இல்லை. அவருடைய வயலில்தான் மருதையின் அப்பா கூலி வேலை பார்த்தார்.

சில வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நாள், செதுக்க வேண்டிய ஒரு பெரிய இரும்பு வார்ப்பை எந்திரத்தின் மேல் இறக்கும்போது, கீழே கட்டை வைப்பதற்கு முன்பே அது இறங்கி எந்திரத்தின் விளிம்பை உடைத்துவிட்டது. ஆளுக்குச் சேதமில்லை. "நான் நிறுத்துன்னு காட்டினேன், அவன் கேக்காம இறக்கிட்டான்" என்று கோவிந்தராசு எழுதிக் கொடுத்தார். பக்கத்தில் நின்றவர்களும் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். "இறக்குன்னு காட்டினாரு, இறக்கினேன்" என்றான் மருதை. அவன் பக்கம் சாட்சி யாரும் இல்லை. குற்றம் நிரூபணமானால் வேலையே போய்விடும்.

நாராயண ராவ் ஜன்னலுக்குப் போய்விட்டார். "எல்லாம் உங்க ஊர்க்காரங்கதானே, நீங்களே விசாரிச்சு முடிச்சிடுங்க" என்றார். எப்படி முடிக்க வேண்டும் என்பது அந்த முதுகில் எழுதியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோவிந்தராசு ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் வாழைப்பழச் சீப்பு. என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள்.

"தம்பி, வேலை விஷயமா பேசக் கூடாதுன்னு தெரியும். ஆனா நீங்க நம்ம புள்ளை. அதான் வந்தேன்."

"பேசக் கூடாதுன்னு தெரிஞ்சா பேசாதீங்க சித்தப்பா."

"எங்க வயல்ல நாத்து அள்ளினவன் மகன். அவங்கப்பன் என்னை ஆண்டைன்னுதான் கூப்பிடுவான். இவன் அத்தனை பேர் நடுவுல அண்ணேங்கிறான். நான் தினமும் அவனை அண்ணாந்து பாத்துக் கை காட்டணும். ஊருக்குப் போனா கேக்கிறாங்க தம்பி. உங்கப்பா இருந்திருந்தா இதை ஒத்துக்குவாரா?"

"விளிம்பு உடைஞ்சதைப் பத்தி ஏதாவது சொல்லணுமா?"

அவர் வாழைப்பழச் சீப்பை என் பக்கம் நகர்த்தினார். எனக்கு அப்போதே பாதி தெரிந்துவிட்டது. "இனிமே இதை விசாரணையில சொல்லுங்க, வீட்ல வேண்டாம். பழத்தைக் கொண்டு போங்க" என்றேன். காபியைக் குடிக்காமலே எழுந்து போனார். மறு வாரத்திலிருந்து லால்குடியில் எனக்கு நல்ல பெயர் போய்விட்டது. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. என் மனைவி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "போனாப் போறாங்க, மொய் மிச்சம்" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டதற்கு அன்றைக்கும் சந்தோஷப்பட்டேன், இன்றைக்கும்தான்.

விசாரணையை என் அறையில் நடத்தவில்லை. ஷெட்டிலேயே, உடைந்த எந்திரத்துக்குப் பக்கத்தில் மேஜை போடச் சொன்னேன். புகார் கொடுத்த கோவிந்தராசுவை மேஜைக்கு ஒரு பக்கம் உட்கார வைத்தேன். மற்ற சாட்சிகளை வெளியே உட்கார வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். மருதை என் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "கையைக் கட்டாதே, உக்காரு" என்றேன். உட்கார்ந்தான்.

முதல் சாட்சி பாடம் ஒப்பிப்பதைப் போலச் சொன்னான். கோவிந்தராசு நிறுத்து என்று காட்டினார், கிரேன் நிற்கவில்லை. சரி என்று எழுதிக்கொண்டேன். பிறகு கேட்டேன்.

"நிறுத்துன்னு காட்டியும் நிக்கலை. உன் கண் முன்னாடி சுமை இறங்குது. நீ என்ன பண்ணினே?"

"பாத்துக்கிட்டு நின்னேன் சார்."

"கையைத் தூக்கலையா?"

அவன் கோவிந்தராசுவைப் பார்த்தான். அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லித் தரவில்லை. கடைசியில், தூக்கவில்லை என்றான். அடுத்தவனும் தூக்கவில்லை. அதற்கடுத்தவன் தூக்கினேன் என்று ஆரம்பித்து, பக்கத்தில் யார் தூக்கினார்கள் என்று கேட்டதும் உளறிக் கொட்டினான். சுமை பிசகுகிறது என்றால் தூக்கத்தில்கூடக் கை தூக்கும் ஆட்கள் அத்தனை பேரும் அன்றைக்கு மட்டும் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்களாம்! பொய்யை ஜோடித்தவர்கள் வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தார்கள், தங்கள் கையை மறந்துவிட்டார்கள்.

அடுத்து வந்தவர் செல்லமுத்து. நடுவயது, அதிகம் பேசாதவர், அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான். முன்பு வேலை பார்த்த இடத்தில் சுமை விழுந்து அவருடைய தம்பிக்குக் கால் போய்விட்டது. அதே கேள்வியை அவரிடமும் கேட்டேன். உடைந்த விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தார்.

"நிறுத்துன்னு ஒருத்தர் காட்டியிருந்தா என் கை தானா எந்திரிச்சிருக்கும் சார். மத்தவங்க கையும்தான். யாரு கையும் எந்திரிக்கலை."

"ஏன்?"

"யாரும் நிறுத்துன்னு காட்டலை. கோவிந்தராசு அண்ணன் இறக்குன்னுதான் காட்டினாரு. நாங்க எழுதிக் கொடுத்தது பொய்யிங்க."

மருதை தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு எழுந்து நின்று செல்லமுத்துவின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. விசாரணை அதிகாரி அப்படியெல்லாம் செய்யக் கூடாது. எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினேன். மருதை மேல் குற்றமில்லை என்று அன்றே அறிக்கை கொடுத்தேன்.

இந்த இடத்தில் நிறுத்தினால் கதை நன்றாக இருக்கும். கையேடு எழுதுகிறவர்களும் இங்கேதான் நிறுத்துகிறார்கள். நிஜமான வேலை இதற்குப் பிறகுதான் இருந்தது.

மறுநாள் காலை மருதை கூண்டில் ஏறி உட்கார்ந்தான். கீழே சிக்னல் காட்ட ஆளில்லை. கோவிந்தராசுவுக்குத் தோள் வலி. அவருக்குப் பதிலாகப் போட்ட ஆளுக்கும் தோள் வலி. ஒரே வாரத்தில் அந்த ஷெட் முழுக்கத் தோள் வலி பரவிவிட்டது. கம்பெனி டாக்டர் தைலம் கொடுத்தே ஓய்ந்துபோனார். சிக்னல் இல்லாமல் கிரேன் நகரக் கூடாது. சங்கிலிக் கப்பியைப் போட்டு, உருளையை வைத்துத் தள்ளி, மனிதர்களே சுமையை இழுத்தார்கள். நிஜமாகவே தோள் வலி வந்திருக்கும். செல்லமுத்துவுடன் யாரும் பேசுவதில்லை, கேன்டீனில் அவர் உட்கார்ந்த பெஞ்சு காலியாகிவிடும்.

ராவ் என்னைக் கூப்பிட்டார். ஜன்னல், முதுகு. "மருதையைப் பழையபடி கிரீஸ் வேலைக்கு அனுப்பிடலாம். சம்பளம் குறைய வேண்டாம். அவனுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி."

"குற்றம் இல்லைன்னு எழுதிட்டுக் கீழே இறக்கினா, அது என்ன நிம்மதி சார்? பொய் சொன்னவங்க ஜெயிச்சதா ஆகும்."

"உற்பத்தி நிக்குது."

"நிறுத்தினது அவன் இல்லையே."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். மனிதனைப் பற்றிய பேச்சில் அவர் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "உங்களுக்குக் கொஞ்ச நாள் தரேன். அதுக்குள்ள முடியலைன்னா என் வழிதான்" என்றார்.

நான் நேராகப் போய்க் கிரேன் ஏணியில் ஏறினேன். வேட்டி கட்டாமல் பேன்ட் போட்டிருந்ததற்கு நன்றி சொல்லிக்கொண்டே ஏறினேன். கூண்டுக்குள் மருதை, துடைத்த பிடிகளையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

"வேற இடம் வேணுமா மருதை? வேற ஷெட்டுக்கு மாத்தித் தரவா?"

"வேணாங்க சார். எங்கப்பன் இவங்க களத்து மேட்டுல கூலிக்குப் பொழுதன்னைக்கும் நின்னாரு. நான் உக்காந்துதானே இருக்கேன், எனக்கென்ன? இப்ப இறங்கினா மறுபடி ஏற விட மாட்டாங்க."

"கோவிந்தராசு மேல பொய்ச் சாட்சிக்கு நடவடிக்கை இருக்கு. ஸ்டோருக்கு மாத்தச் சொல்லியிருக்காங்க."

அதுவரை அமைதியாக இருந்தவனுக்குக் குரல் ஏறிவிட்டது. "மாத்தாதீங்க சார். வேற என்ன தண்டனை வேணாலும் கொடுங்க. அவரு எனக்குக் கை காட்டணும். வேற யாரு காட்டினாலும், அவரு காட்டாம போயிட்டாருன்னுதான் ஊர்ல பேசுவாங்க."

பெருந்தன்மையாக மன்னிக்கிற ஆளென்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். அவனுக்கு அந்தக் கைதான் வேண்டும். எனக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

இறங்கும்போதே யோசித்தேன். இவர்கள் மருதையை வெறுப்பதைவிட ஒருவருக்கு ஒருவர் அதிகமாகப் பயப்படுகிறார்கள். முதலில் அவனுக்குக் கை காட்டுகிறவன் ஊரில் பேச்சு வாங்க வேண்டும். எல்லாரும் காட்டியாக வேண்டும் என்றால் யாரும் யாரையும் கேட்க முடியாது. மறுநாள் அறிவிப்பு ஒட்டினேன். பாதுகாப்புக் காரணமாக அந்த ஷெட்டில் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும், சூப்பர்வைசர் உள்பட, சிக்னல் பயிற்சி எடுத்து முறை வைத்து ஸ்லிங்கர் வேலை பார்க்க வேண்டும். தோள் வலி என்றால் டாக்டர் சான்று தர வேண்டும். மறுப்பவர்கள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்தக் காரணத்தை மட்டும் யாராலும் எழுத முடியாது, எழுதினால் தீண்டாமைக் குற்றச் சட்டம் இருக்கிறது.

யூனியன் செயலாளர் என்னைப் பார்க்க வந்தார். கேட் மீட்டிங்கில் சமத்துவம் பேச அவருக்கு மைக் வேண்டியதில்லை. என் அறையில் அதே வார்த்தையைச் சொல்லக் குரலே எழும்பவில்லை. "ஒருத்தரை மட்டும் நிர்ப்பந்தம் பண்ணினா நாங்க எதிர்ப்போம். எல்லாருக்கும்னா... சரிங்க" என்றார். அவரையும் பயம்தான் பிடித்திருந்தது என்று தெரிந்தது. ராவிடம் உத்தரவைக் காட்டினேன். உட்கார்ந்தபடியே படித்துக் கையெழுத்துப் போட்டார்.

முதல் நாள் செல்லமுத்து காட்டினார். இரண்டாவது சூப்பர்வைசர். பிறகு ஒவ்வொருவராக, வேண்டா வெறுப்பாக, சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, சிலர் கேலி பேசிக்கொண்டு. கிரேன் ஓடியது. கோவிந்தராசுவுக்குச் சில நாள் சஸ்பென்ஷன் கொடுத்து, அதே ஷெட்டில் அதே வேலைக்குத் திரும்பி வர உத்தரவு போட்டேன். ராஜினாமா செய்துவிடுவார் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவர் வந்தார். துவைத்த காக்கியில், நெற்றியில் திருநீறோடு வந்தார். ஷெட்டில் அன்று காலை யாரும் தங்கள் எந்திரத்தைத் தொடவில்லை. கோவிந்தராசு யாரிடமும் பேசாமல் சுமையைத் தானே கட்டினார், கட்டு இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார், பின்னால் நகர்ந்தார். சுமையை ஏற்று என்று ஒரு கையைத் தூக்கினார். தரையைப் பார்த்துக்கொண்டே தூக்கினார்.

மேலே கூண்டில் மருதை எச்சரிக்கை மணியை அடித்தான். கிரேன் நகரவில்லை.

சிக்னல் காட்டுகிறவர் டிரைவரின் முகத்தைப் பார்த்துத்தான் காட்ட வேண்டும், பார்க்காத கைக்குச் சுமையை அசைக்கக் கூடாது. அங்கே வேலை பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவரே கோவிந்தராசுதான். சூப்பர்வைசர் ஏதோ கத்த வாயெடுத்தார். நான் அவர் தோளை அழுத்தினேன். மறுபடி மணி அடித்தது. கோவிந்தராசுவின் கை தூக்கியபடியே இருந்தது. கையை இறக்கிவிட்டு வாசலைப் பார்த்து நடந்திருக்கலாம், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். சித்தப்பா, போய்விடாதீர்கள் என்று நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அவர் முகத்தைத் தூக்கினார். மருதை கூண்டிலிருந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சிரிக்கவில்லை. கோவிந்தராசு அவனைப் பார்த்தபடியே கையை இறக்கி மறுபடி ஒரு தடவை, சரியாக, காட்டினார். சங்கிலி இறுகியது. சுமை தரையை விட்டு எழுந்தது. அது போய்ச் சேர வேண்டிய இடம் வரைக்கும், அண்ணாந்த முகத்தை இறக்காமல், கோவிந்தராசு அதோடு கூடவே நடந்தார்.